ஓட்டை போட்ட கார்டுகள்

1974-இல் வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டருக்கு வேலை செய்த ஆள் மரக்காணத்தில் நான் ஒருத்திதான். திண்டிவனத்தில் யாரும் இல்லை. பாண்டிச்சேரியில் இருந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. அப்படி யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், விட்டுக் கொடுக்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை.

கம்ப்யூட்டர் என் வீட்டில் இருக்கவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது மெட்ராஸில், மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு சென்டரில், ஏ.சி. போட்ட ஹாலில் நாலைந்து பீரோவைச் சேர்த்து நிறுத்தியதுபோல் நின்றது. கம்பெனிகள் தங்கள் கணக்கு வழக்கை அங்கே கொடுத்துப் போட்டு வாங்கிக் கொள்ளும். பாண்டிச்சேரியில் கணிதம் படித்து முடித்த கையோடு அங்கே கார்டில் ஓட்டை போடும் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. போஸ்ட் கார்டைவிட நீளமாக, விறைப்பாக இருக்கும். எந்த இடத்தில் ஓட்டை விழுகிறதோ அதுதான் எழுத்து. அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கி மெஷினின் வாயில் வைத்தால், அது படித்துக் கணக்குப் போட்டு, பேப்பரில் அடித்துத் தள்ளும். மற்றவர்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமுக்கு ஓட்டை போட்டுக்கொண்டே அதைப் படித்தேன். படித்துக்கொண்டே அவர்கள் செய்த தப்பைச் சொன்னேன். என் வாய் தாங்காமல்தான் "நீங்களே எழுதுங்க" என்று என்னிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை காசிலிங்கம், என் சொந்த அத்தை மகன், மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின்களுக்கு மெக்கானிக். அவர் இன்ஜினை விட்டு வர முடியாது. நான் வேலையை விட மாட்டேன். வீட்டிலிருந்தே எழுதி, கார்டையும் இங்கேயே அடித்து, பஸ்ஸில் அனுப்புகிறேன் என்று மேனேஜர் சிவப்பிரகாசத்திடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். ஒரு பூட்டு பேக்டரியின் சம்பளக் கணக்கு அப்போது அவர் தலையில் உட்கார்ந்திருந்தது, எடுத்துச் செய்ய ஆளில்லை. சரி, பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போ'மைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் வீட்டின் மேற்குப் பக்கம் உப்புச் சாக்குகள் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. கடல் காற்று நேராக அடிக்காத அறை அது ஒன்றுதான். சாக்குகளை வெளியே எடுத்து, தரையைக் கழுவிக் காயவைத்து, பழைய கதவுப் பலகை ஒன்றைக் கால் கொடுத்து மேஜையாக நிறுத்தினோம். ஓட்டை போடும் மெஷின் மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. யாரோ கழித்துப் போட்ட கைமெஷின், கரண்டே வேண்டாம். அட்டையைச் செருகி, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். ஓர் எழுத்துக்கு இரண்டு அழுத்து. எந்த எழுத்துக்கு எந்த இரண்டு என்பது எனக்கு விரலிலேயே இருந்தது. என்னவர் அதைப் பிரித்துப் போட்டு, துருவைச் சுரண்டி, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, தேய்ந்துபோன ஊசிகளுக்குப் பதிலாக ஆக்ஸா பிளேடை அராவிப் புது ஊசி செய்து போட்டார். டீசல் இன்ஜினைப் பார்த்துப் பேசுகிற அதே பாசத்தோடு அதனிடமும் பேசினார்.

செய்து வைத்தால் போதுமா? மரக்காணத்தில் கதவுத் தாழ்ப்பாளே வருஷத்துக்கு ஒன்று மாற்றுகிறோம். காலையில் எழுந்ததும் முதல் வேலை மெஷினைத் துடைத்து எண்ணெய் போடுவது. மேஜையின் ஒரு பக்கம் புரோகிராமைக் கையால் எழுதும் கட்டம் போட்ட கோடிங் ஷீட், மறு பக்கம் அதன் நகல். நகல் எடுக்காமல் ஒரு வரிகூட எழுதியதில்லை. பென்சிலை யார் எடுத்தாலும் சத்தம் போடுவேன், அதனால் யாரும் எடுக்கவில்லை. ஓட்டையிலிருந்து உதிரும் பொடித் துண்டுகளை அத்தையின் கோழிகள் கொத்திப் பார்த்து ஏமாந்து போகும். என்னைக் கேட்டால், மெட்ராஸ் ஏ.சி. ஹாலில் இருந்ததைவிட நல்ல இடம் அது. அங்கே ஆறு பேர் ஒரு மெஷினுக்கு அடித்துக்கொள்வோம். இங்கே எல்லாம் என் கைக்கு எட்டும் தூரத்தில், நான் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது.

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. அத்தை என்றால் ராசம்மாள், என் அப்பாவின் அக்கா, இப்போது மாமியார். இரண்டு உறவும் சேர்ந்ததால் திட்டவும் இரட்டை உரிமை. நான் எழுதிய பாஷைக்கு கோபால் என்று பெயர். கம்ப்யூட்டர் பாஷைதான், பெயர் அப்படி. "கோபால்ல இது வராது, கோபால் இத ஒத்துக்காது" என்று நானும் என்னவரும் பேசிக்கொள்வதை அத்தை சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகனைத் தனியாகக் கூப்பிட்டு, யாருடா அந்த கோபாலு, எந்நேரமும் வீட்டுல அவன் பேச்சாவே இருக்குது என்று கேட்டாராம். ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் சமாதானம் ஆகவில்லை. படித்த பெண் என்று கட்டி வந்தால் சாக்கு ரூமில் உட்கார்ந்து அட்டையில் ஓட்டை போடுகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வேலை என்ற சொல்லை அதற்கு அவர் கொடுக்கவே இல்லை. 'ஓட்டை' என்றுதான் சொல்வார்.

முதல் தடவை அனுப்பிய கட்டு கெட்டுப் போனது. அந்தத் தப்பை உப்பளத்துக்காரர்களைத் தவிர யாரும் செய்யமாட்டார்கள். அட்டையில் ஈரம் ஏறினால் ஊறி வளைந்து மெஷினில் சிக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். ஆகவே அளத்து உப்பையே ஒரு பையில் கட்டி, அட்டை வைத்த பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அனுப்பினோம். உப்பு ஈரத்தை இழுத்தது, வாஸ்தவம். இழுத்த ஈரம் தாங்காமல் வியர்த்து வழிந்து அட்டையெல்லாம் நனைந்தது. மெஷின் பாதிக் கட்டை மென்று துப்பிவிட்டது. கருவாடு போடுவதற்கு டின் கொடுக்கவில்லை என்று சிவப்பிரகாசம் பஸ் கண்டக்டர் தங்கராசு மூலம் சொல்லி அனுப்பினார். கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். வருகிற சனிக்கிழமை மெஷின் நேரம் ஒன்று ஒதுக்கியிருக்கிறார். அன்றைக்குப் புரோகிராம் ஓடிவிட்டால் நான் மரக்காணத்திலேயே இருந்து வேலை செய்யலாம். ஓடாவிட்டால் மெட்ராஸ் ஹாஸ்டலுக்குத் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா.

நான் இரண்டில் எதற்கும் தயாராக இல்லை. உப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, சுண்ணாம்புச் சூளையிலிருந்து சுட்ட கிளிஞ்சல் வாங்கி வந்தோம். சுட்ட கிளிஞ்சல் ஈரத்தைக் குடித்துத் தானே பொடியாகுமே தவிர, ஒரு சொட்டு வெளியே விடாது. அதை இரட்டைத் துணியில் முடிந்து டின்னுக்கு அடியில் வைத்தேன். டின் மூடியைச் சுற்றி என்னவர் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாக மாட்டினார். நனைந்துபோன கட்டு முழுவதையும் நகலைப் பார்த்து மறுபடி அடித்தேன். விரல் நுனி தடித்துப் போனது. கையிலிருந்த வெற்று அட்டைகளும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டன, மெட்ராஸிலிருந்து வந்தால்தான் உண்டு.

டின்னில் இரண்டு கட்டு வைத்தேன். அடியில் பெரிய கட்டு, அது புரோகிராம். மேலே சின்னக் கட்டு, அது சோதனைக் கட்டு. சம்பளப் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, பொய்யாகச் சில தொழிலாளிகளை உண்டாக்கி அவர்களுக்குச் சம்பளம் போட வைத்துப் பார்க்க வேண்டும். ஒருத்தர் ராத்திரி ஷிப்ட், ஒருத்தர் லீவு, ஒருத்தர் முன்பணம் வாங்கியவர். ஓர் அட்டைக்கு ஓர் ஆள், ஓர் ஆளுக்கு ஒரு கேஸ். அதில் ஒன்று குறைந்தாலும் சிவப்பிரகாசம் ஒத்துக்கொள்ள மாட்டார். டின்னின் மேல் காகிதம் ஒட்டி, 'கார்டுகள். மெட்ராஸ் – மரக்காணம்' என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

வியாழக்கிழமை காலையில் என்னவர் அளத்துக்குப் போகும் வழியில், பஸ் நிற்கும் இடத்தில் இருக்கும் அப்பாவுவின் சைக்கிள் கடையில் டின்னை வைத்துவிட்டுப் போனார். தங்கராசு எப்போதும் அங்கேயிருந்துதான் எடுத்துக்கொள்வார். அன்றைக்கென்று பஸ் பெருமுக்கல் பக்கத்தில் அச்சு உடைந்து நின்றுவிட்டது.

நான் அடுப்பில் குழம்பு வைத்திருந்தேன். பின்தெரு வேலம்மாள் வாசலில் வந்து நின்றாள். உப்பு வாரப் போகிறவள், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஆண்டாளு, நீ படிச்சவ. இதுல என்னா அநியாயம்னு பாரு. புதுக் கார்டு இப்பதான் கைக்கு வருது, அதுக்குள்ள என் சர்க்கரையெல்லாம் எவனோ வாங்கிட்டான்."

அவள் நீட்டியது என் அட்டை.

பஸ் டிக்கெட்டில் கண்டக்டர் ஓட்டை போட்டால் அந்த டிக்கெட் முடிந்தது என்று அர்த்தம். அதே கணக்கில் வேலம்மாள் அட்டையிலிருந்த ஓட்டைகளை எண்ணி, ஓட்டைக்கு ஒரு படி சர்க்கரை என்று மனசுக்குள் வைத்து, கண் கலங்கிப் போயிருந்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ரேஷன் கார்டு வந்துவிட்டது என்று அப்பாவு அண்ணன் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கிறார் என்றாள்.

குழம்பை இறக்கினேனா இல்லையா என்று நினைவில்லை. ஓடினேன்.

சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊர் அலைந்துகொண்டிருந்த வருஷம் அது. பின்தெருவில் பாதி வீட்டுக்கு ரேஷன் கார்டு கிடையாது. அவர்களுக்காக மனு எழுதி, கையெழுத்து வாங்கி, திண்டிவனத்துக்கும் ஊருக்குமாக நடந்தது அப்பாவுதான். நல்ல மனுஷன், அதுதான் வம்பு. பஸ் வரவில்லை, பெஞ்சில் ஒரு டின் இருக்கிறது, மெட்ராஸ் என்றும் மரக்காணம் என்றும் கார்டுகள் என்றும் எழுதியிருக்கிறது. மெட்ராஸிலிருந்து மரக்காணத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். மேலே இருந்த சின்னக் கட்டைப் பிரித்து, பின்தெருவுக்குப் போய், மாலை போடாத குறையாகக் கொடுத்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய கட்டை மீனவர் குப்பத்துக்கு எடுத்துப் போக சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா அலைஞ்சது வீண் போவல தங்கச்சி," என்றார் என்னைப் பார்த்ததும்.

நான் பதில் சொன்னது முழுவதையும் இங்கே எழுத முடியாது. அச்சில் ஏறாது. பெரிய கட்டைப் பிடுங்கி முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டேன். விஷயம் புரிந்ததும் அப்பாவுவின் முகம் கறுத்துவிட்டது. தானே வந்து வீடு வீடாகக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். நீங்கள் செய்த வரைக்கும் போதும் என்று சொல்லிவிட்டுப் பின்தெருவுக்கு நடந்தேன்.

அங்கே குழாயடியில் பெரிய பஞ்சாயத்து. யார் அட்டையில் ஓட்டை குறைச்சல், யார் அட்டையில் அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டை குறைந்தவளுக்கு அதிர்ஷ்டம், அவள் அட்டையை யாரையும் தொட விடவில்லை. ஒருத்தி புது அட்டை வந்த சந்தோஷத்தில் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரமும் காட்டியிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில பேர் மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையா அது, மஞ்சள் தடவ? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

இது ரேஷன் கார்டு இல்லை, என் வேலைக்கான அட்டை என்று சொன்னேன். நம்பவில்லை. அவர்கள் நம்பாததிலும் நியாயம் இருந்தது. இதற்கு முன்னாலும் எத்தனையோ பேர் அவர்களிடம் இது உங்களுக்கு இல்லை என்று சொல்லிக் கையிலிருந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். ஓட்டையைப் படித்துக் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தேன். வேலம்மாளின் அட்டையை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். எனக்கு அதைப் படிக்க மெஷின் வேண்டாம். வெளிச்சம் போதும்.

"மங்கம்மா," என்று சத்தமாகப் படித்தேன். படித்த பிறகுதான் உறைத்தது.

பொய்த் தொழிலாளிகளுக்குப் பெயர் வேண்டுமே என்று, சாக்கு அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அளத்துக்குப் போகிற பெண்கள் கண்ணில் பட்டார்கள். அவர்கள் பெயரையே போட்டு வைத்தேன். பின்தெருப் பெண்கள் எல்லாரும் என் அட்டைக் கட்டுக்குள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு என்னை யார் பேச விட்டார்கள்? எங்கள் பெயர் இருக்கிறது, அப்போது எங்களுடையதுதான் என்று குழாயடியே அதிர்ந்தது. அப்பாவு அண்ணன் அவசரத்தில் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார், என் அட்டை யாரிடம் என்று ஆளாளுக்குத் தேடினார்கள். வீட்டுக்குள் ஒளித்து வைத்தவர்களும் கொண்டு வந்து நீட்டினார்கள். ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பெயர் படித்தேன், அவரவர் அட்டை அவரவர் கைக்குப் போனது. ஒரு நன்மை, எல்லா அட்டையும் வெளியே வந்துவிட்டது. ஒரு தீமை, இப்போது யாரும் தருவதாக இல்லை.

மங்கம்மா முன்னால் வந்து நின்றாள். உப்பு வாருகிற பெண்களில் அவள்தான் மூத்தவள். அளத்து மேஸ்திரியே அவளிடம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவான்.

"எங்க பேர எழுதிட்டு எங்களுது இல்லன்னா எப்பிடி? அப்ப எதுக்கு எழுதின?"

நல்ல கேள்வி. அதற்கு நேர்மையாகத்தான் பதில் சொல்ல முடியும். பூட்டு பேக்டரியைச் சொன்னேன். சம்பளக் கணக்கு போடும் மெஷினைச் சொன்னேன். கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க, அவர்கள் எல்லாரும் அந்த பேக்டரியில் வேலை செய்வதாக வைத்து அட்டை போட்டிருக்கிறேன் என்றேன். நாளைக் காலை பஸ்ஸில் இது போகாவிட்டால் என் வேலை போய்விடும், நான் மெட்ராஸுக்கு மூட்டை கட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். கெஞ்சிய மாதிரி இருந்திருக்கும். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

மங்கம்மா மெட்ராஸைக் கண்டுகொள்ளவில்லை. "எனக்கு என்னா கூலி போட்ட?" என்றாள்.

அவள் அட்டையைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மங்கம்மா பூட்டுக்குச் சாவி பொருத்துகிற பிரிவு. ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்கும் சம்பளம் உண்டு. நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி.

"லீவு நாளுக்குமா?"

"ஆமாங்க்கா. அந்த பேக்டரியில அப்பிடி."

வேலம்மாள் தன்னுடையதை நீட்டினாள். அவளுக்கு நான் பிரசவ லீவு போட்டிருந்தேன், மூன்று மாதம், சம்பளத்தோடு. புரோகிராமில் அது கஷ்டமான இடம். அதனால் என் சோதனையில் முக்கியமான அட்டையும் அவளுடையதுதான். புள்ள பெத்ததுக்குச் சம்பளமா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். வேலம்மாள் கடைசிப் பிள்ளை பெற்று, பச்சை உடம்பு ஆறுவதற்குள் உப்புத் தண்ணீரில் இறங்கியவள். அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். எனக்கு என்ன, எனக்கு என்ன என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். ஒருத்திக்கு தீபாவளி போனஸ். ஒருத்திக்கு மெஷினில் கை நசுங்கி வைத்தியச் செலவு கம்பெனியுடையது. ராத்திரி ஷிப்ட் போட்டவள் மட்டும் எனக்கு ஏன் ராத்திரி என்று சண்டை பிடித்தாள். அதற்குத் தனிப் படி உண்டு என்றதும் சரி என்றாள். படிக்கப் படிக்க எனக்கே வேறு மாதிரி இருந்தது. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதும்போது அவை வெறும் கேஸ்கள். குழாயடியில் ஆளை முன்னால் வைத்துக்கொண்டு படிக்கும்போது அப்படித் தோன்றவில்லை.

மங்கம்மா தன் அட்டையை என் கையில் வைத்தாள். "கொண்டு போ. எங்க பேருக்கு ஒரு தரமாவது அந்தக் கூலி வரட்டும்." மற்றவர்களைப் பார்த்து, "குடுங்கடி," என்றாள். கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். மடித்தது, பிள்ளை கடித்தது, மஞ்சள் பட்டது என்று கெட்டவை தனியாகவும், நல்லவை தனியாகவும் அடுக்கினேன். கெட்டவற்றையும் கையிலிருந்த வெற்று அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரிக்குச் சரி. ஒன்றுகூட மிச்சமில்லை. ஓர் எழுத்து தப்பாக அழுத்தினால் அந்த அட்டை போச்சு, அந்த ஆள் போச்சு, நானும் போனேன்.

கோடிங் ஷீட்டின் நகலை எதிரில் வைத்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பின்தெருவே வந்து நின்றது. என் அட்டை முடிஞ்சுதா, இது யாருது என்று கேள்வி மேல் கேள்வி. வேலம்மாளின் அட்டையைச் செருகி, பாதி அடித்து, அடுத்த பொத்தானில் விரலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எந்த எழுத்தில் இருக்கிறேன் என்று தெரியவில்லை.

அப்போதுதான் வெளியே அத்தையின் குரல் கேட்டது. எல்லாரையும் வேப்ப மரத்துக்கு அப்பால் துரத்திக்கொண்டிருந்தார்.

"அவ வேலை செய்யறா. சத்தம் போடாம இருங்க."

வேலை என்றார். நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அட்டையை மெஷினிலேயே வைத்தபடி விட்ட இடத்தை ஓட்டை ஓட்டையாகத் தடவிப் பார்த்து, அடுத்த எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடித்துவிட்டேன். ஓர் எழுத்தும் தப்பவில்லை. என்னவர் அளத்திலிருந்து வந்ததும், அடித்ததை நகலோடு வைத்து இருவருமாகச் சரி பார்த்தோம். நான் படிக்கப் படிக்க அவர் தலையாட்டினார். கிளிஞ்சல் முடிச்சை மாற்றினோம். மறுநாள் காலை நானே போய் டின்னைத் தங்கராசுவின் மடியில் வைத்துவிட்டு வந்தேன். அப்பாவு கடை வாசலில் நின்று, இனிமேல் டின்னுக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

சனி போயிற்று. ஞாயிறு போயிற்று. அந்த இரண்டு நாளும் நான் மெஷினுக்கு எண்ணெய் மட்டும் போட்டேன். ஒரு வரி எழுதவில்லை. எதற்கு எழுதுவது? ஹாஸ்டலுக்குப் போக வேண்டி வந்தால் எந்தப் புடவையை எடுத்துப் போவது என்றுகூட யோசித்து வைத்தேன். என்னவர் இன்ஜின் கதைகளாகச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார், நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை அத்தை மீன் வாங்கப் போனவர் பஸ் நிற்கும் இடத்தில் இருந்திருக்கிறார். தங்கராசு டின்னைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மேலே ஒட்டியிருந்த விலாசத்தைப் படித்து, சிரித்துக்கொண்டே ஊருக்கெல்லாம் கேட்கும்படி, மரக்காணம் கம்ப்யூட்டர் சென்டர் எங்கய்யா இருக்குது என்று கேட்டிருக்கிறார். மெட்ராஸில் யாரோ குமாஸ்தா அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தான்.

"எங்க வூடுதான். குடு," என்று அத்தை கையை நீட்டி வாங்கினாராம். இதை அப்பாவு பிறகு எத்தனையோ தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

மீன் கூடையைத் தலையிலும் டின்னை இடுப்பிலும் வைத்துக்கொண்டு அத்தை தெருவில் வந்த அழகை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பின்னால் பாதித் தெரு. டின்னைத் திறந்தேன். அதில் வெற்று அட்டைகள் ஒரு பெரிய கட்டு, அடுத்த வேலைக்கான தாள்கள், அதன் மேல் சிவப்பிரகாசத்தின் கையெழுத்தில் ஒரே வரி: 'ஓடிவிட்டது. முதல் தடவையிலேயே.' ஹாஸ்டலும் இல்லை, ராஜினாமாவும் இல்லை. என் சாக்கு அறை எனக்கே நிலைத்துவிட்டது. ஏ.சி. ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் யாருக்கும் முதல் தடவையில் ஓடாது, இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அடியில் மெஷின் அடித்த நீளமான பேப்பர் மடிப்பு மடிப்பாக இருந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சம்பளச் சீட்டு. தலைப்பில் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் பெயர். மங்கம்மாவை முதலில் படித்தேன். வார லீவுக்குச் சம்பளம், நேரத்துக்கு மேல் செய்ததற்கு இரட்டை, எல்லாம் தனித்தனி வரியாக, ஒரு காசு தப்பாமல் வந்திருந்தது. வேலம்மாளின் மூன்று மாதமும் வந்திருந்தது. இது ஒன்றுக்கும் செல்லாது, வெறும் சோதனைதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தெரியும்டி என்றாள் மங்கம்மா. இருந்தாலும் கொடு என்றாள். மடிப்பில் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். மங்கம்மா தன்னுடையதை நாலாக மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நாளைக்கு மேஸ்திரியிடம் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக் கூலி எங்கே என்று கேட்கப் போவதாகச் சொன்னாள். கேட்டாள் என்றும் கேள்விப்பட்டேன்.

எல்லாரும் போன பிறகும் அத்தை அறை வாசலிலேயே நின்றார். சாக்கு எடுத்த பிறகு அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார், மெஷினைத் தொட்டுப் பார்த்தார். தரையில் கிடந்த மீதிப் பேப்பரைக் காலால் புரட்டினார்.

"தெருவுல இருக்கறவங்க பேரெல்லாம் வந்துடுச்சு. என் பேரு எங்க?"

அந்தக் கட்டு எழுதிய வாரம் எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அதை அவரிடமும் சொன்னேன், மறைக்கவில்லை.

"தெரியும்," என்றார். காலால் புரட்டிய பேப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அடுத்த டின்னுல போடு. மேஸ்திரி வேலையா போடு. மங்கம்மாவுக்கு மேல."

அன்றைக்கே உட்கார்ந்து போட்டேன். வந்த வெற்று அட்டைக் கட்டிலிருந்து எடுத்த முதல் அட்டை அதுதான்.